நண்பருக்குத்தான் கேட்டேன்

குளோரின் வாயுவைப் பற்றி ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசக்கூடிய ஆள் நான். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு வைப்போம். அதில் 'தொட்டி கழுவுகிறவர்கள் கவனத்துக்கு' என்கிற பகுதி எப்போதும் என் தலையில்தான் விழும். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மேசையில் இரண்டு பாட்டில் வைப்பேன். ஒன்று, எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இங்கே நாமெல்லாம் குளோராக்ஸ் என்றே கூப்பிடும் வெளுப்புத் திரவம். மற்றது, கழிவறைக் கறை எடுக்கிற ஆசிட். "இது ரெண்டும் ஒண்ணா சேரவே கூடாது. சேர்ந்தா வர்றது குளோரின். மொத உலகப் போர்ல ஆளுங்களக் கொன்ன அதே வாயு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பேன். அப்படி நிறுத்துவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வகுப்பு முடிந்த வாரமே இரண்டையும் நானே சேர்த்தேன்.

வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். நாங்கள் குடியிருப்பது அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில். ஆகவே தைப்பூசம் என்றால் சுங்கை பட்டாணியிலிருந்து மனைவியின் அக்கா குடும்பம் எங்கள் வீட்டில்தான் இறங்கும். போன முறை வந்தபோது அக்கா எங்கள் குளியலறைக்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழைய கடைவீட்டின் பின்கோடியில் இருக்கிற குளியலறை அது. தரை சிமெண்டு, சன்னல் ஒரு முழம், கறை என் வயசு.

ஆசிட்டை ஊற்றினேன். காத்திருந்தேன். கறை அசையவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவப் பொறுமை இல்லாமல் அதன் மேலேயே வெளுப்புத் திரவத்தைக் கவிழ்த்தேன். 'கலக்கினேன்' என்று சொல்வதுகூடத் தப்பு. ஒன்றுக்குப் பின் ஒன்றை ஊற்றினேன், கலந்துகொண்டது அதுகள். வகுப்பில் ஒரே வாளியில் கலக்காதீர்கள் என்றுதான் சொல்லி வந்தேன். தரையில் ஒன்றைக் கொட்டி அது காயும் முன்னால் மற்றதைக் கொட்டினாலும் அதே கதைதான் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. என் வகுப்பை நானே கேட்டு வளர்ந்தவன் ஆயிற்றே, எனக்கு எப்படித் தெரியும்?

கணக்கும் சொல்லிவிடுகிறேன், கணக்கில் நான் புலி. குளோரினைக் காஸ்டிக் சோடாவுக்குள் செலுத்திக் கட்டிப்போட்டதுதான் வெளுப்புத் திரவம். ஆசிட் போய் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. 5 சதவீதத் திரவத்தில் 100 மில்லிக்குள் அடங்கியிருக்கும் குளோரின் முழுவதும் வெளியே வந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வாயு. எங்கள் குளியலறை மாதிரி ஓர் அறையில் அது பரவினால் காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு வரும். வேலையிடங்களில் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் அளவு அரைப் பங்கு. 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கையேடுகள் சொல்கின்றன. நல்லவேளை, நிஜத்தில் எல்லாம் ஒரேயடியாக வெளியே வருவதில்லை. இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டது பிற்பாடு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இருமலுக்கு நடுவே.

முதல் நெடி ஏறியதுமே தெரிந்துவிட்டது. இந்த வாயுவிடம் ஒரு நேர்மை உண்டு. கார்பன் மோனாக்சைடு மாதிரி வாசனையே இல்லாமல் தூக்கத்தில் வந்து ஆளை முடிக்காது. கொல்லும் அளவுக்கு வெகு முன்னாலேயே மூக்கைக் குத்திக் கண்ணைக் கரித்து 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடும். மூக்கு அதற்குக் கொஞ்ச நேரத்தில் பழகிப்போவதும் உண்மைதான். ஆனால் அந்த முதல் எச்சரிக்கைக்கு மரியாதை கொடுத்து எழுந்து நடந்தால் வீட்டில் நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை இருமலோடு முடிந்துவிடும். நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்துகொண்டு.

கீழே சேலைக்கடையில் தைப்பூசக் கூட்டம். நெடி கீழே போனால் என்னவென்று கேட்பார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும். போன வாரம்தான் அந்தக் கடையில் வேலை பார்க்கிற இரண்டு பிள்ளைகள் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். மானம் போய்விடுமே என்கிற ஒரே காரணத்துக்காக, தெரிந்தே நச்சு வாயுவோடு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட முதலுதவிப் பயிற்சியாளர் இந்தப் பினாங்குத் தீவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அடுத்து, குனிந்தேன். தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது: தீப்பிடித்தால் புகை மேலே போகும், நீ தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே வா. நல்ல பாடம், ஆனால் வேறு பரீட்சைக்கு. குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். தரையில்தான் படுக்கும், பள்ளத்தைத்தான் தேடும். அதில் மாட்டினவன் நிமிர்ந்து நடக்க வேண்டும். திறந்தவெளி என்றால் காற்று வருகிற திசையை நோக்கி, மேட்டுப் பக்கம் போக வேண்டும். குழந்தையைத் தரையில் நடத்தாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். இதை வகுப்பில் நான் கையை உயர்த்தி நடித்தே காட்டுவேன். என் முழங்கால் மட்டும் அந்த வகுப்புக்கு வரவில்லை போலிருக்கிறது.

ஒருவழியாகத் தாழ்ப்பாளைத் திறந்து கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திரும்பவும் உள்ளே போனேன். பாட்டில் மூடியை எடுக்க.

கனமான வாயு என்றேன் அல்லவா? நாங்கள் இருப்பது மாடி. பழைய மரப்படி செங்குத்தாகக் கடையின் பின்பக்கம் இறங்குகிறது. நான் மறைக்க நினைத்த சேதி எனக்கு முன்னாலேயே படியிறங்கிப் போய்க் கல்லாவில் நின்றது.

"அண்ணே! மேல என்னண்ணே, ஸ்விமிங் பூல் வாசன வருது?" கடை அக்காவின் குரல்.

"ஒண்ணுமில்ல அக்கா, சாம்பிராணி!"

"புது சாம்பிராணியா?"

பதில் சொல்ல மூச்சு இல்லை.

கீழே வந்து அஞ்சடி நடைபாதையில் நின்று காற்று வாங்கியபோது எதிரில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார் ஓர் அண்ணன். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வகுப்புக்கு அவரை ஒரு முறைகூட நான் அழைத்ததில்லை. அழைத்தால் அவர் பேசிவிடுவார் என்று பயம். அவர் கிளாசை வைத்துவிட்டு என் சட்டையை முகர்ந்தார். "கழட்டு" என்றார். நடுத்தெருவில், தைப்பூச நேரத்தில். "தலை வழியா இழுக்காத. மூஞ்சியில தேய்க்கும். பட்டன அவுத்துப் பின்னால கழட்டு." பட்டன் இல்லாத டீ-சட்டையாக இருந்தால் கத்தரியால் வெட்டிக் கழற்ற வேண்டுமாம். அப்படியே இழுத்துக்கொண்டுபோய்ப் பின்சந்துக் குழாயில் கண்ணைக் காட்டச் சொன்னார். நான் ரெண்டு கை தண்ணீர் அடித்துவிட்டு நிமிர்ந்தேன். "பதினஞ்சு நிமிஷம்" என்றார். "ரெண்டு கை இல்ல." காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் போடவில்லை. அந்த ஒன்றில் மட்டும் தேறினேன்.

பதினைந்து நிமிடமும் குழாய்க்குக் கீழே குனிந்திருந்த எனக்கு, அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. அப்போதுதான் முதல் முறையாக முழுதாகக் கேட்டேன்.

நிலையத்தில் ஒரு டன் சிலிண்டரைப் படுக்க வைத்திருப்பார்களாம். அதன் ஒரு முனையில் இரண்டு வால்வு. ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று நிற்கும்படி உருட்டி வைக்க வேண்டும். மேல் வால்வில் வாயு வரும், கீழ் வால்வில் திரவம் வரும். எங்காவது கசிந்தால் கசிகிற இடம் மேலே வரும்படி திருப்ப வேண்டும். வாயுவாகக் கசிந்தால் சமாளிக்கலாம். திரவமாகக் கசிந்தால் ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 460 பங்கு வாயுவாக விரியும். குழாயைச் சிலிண்டரில் மாட்டும்போது நடுவே ஓர் ஈய வாஷர் போடுவார்கள். ஒரு தடவை கழற்றினால் அந்த வாஷர் குப்பைக்குத்தான், திரும்பப் போடக்கூடாது. "பாக்க நல்லாத்தான் இருக்கும். அதான் ஆபத்து" என்றார். மாட்டி முடித்ததும் குச்சியில் பஞ்சு சுற்றி அமோனியாத் தண்ணீரில் நனைத்து இணைப்பின் ஓரமாகக் காட்டுவார்களாம். துளி கசிவு இருந்தாலும் வெள்ளைப் புகை எழும். புகை வராவிட்டால்தான் தேநீர் குடிக்கப் போவார்கள்.

கசிகிற இடத்தில் தண்ணீர் அடித்தால் என்ன என்று குழாய்க்கு அடியிலிருந்து கேட்டேன், ஏதோ எனக்கும் கேள்வி கேட்கத் தெரியும் என்று காட்ட. "ஐயோ" என்றார். ஈரப்பட்ட குளோரின் ஆசிட் ஆகி உலோகத்தை அரித்துவிடும், ஊசி முனை அளவு ஓட்டை விரல் அளவு ஆகிவிடும். உலர்ந்திருக்கும்வரை எஃகு அதைத் தாங்கும். ஆனால் எஃகு சூடேறினால் குளோரினிலேயே பற்றி எரியும். தானாக எரியாத வாயு, ஆனால் ஆக்சிஜன் மாதிரி மற்றதை எரிய வைக்கிற ஜாதி. அதனால் வால்வில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. அசிட்டிலின், அமோனியா சிலிண்டர்களைப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது. சிலிண்டரிலேயே ஈயம் கலந்த ஓர் அடைப்பு உண்டு. 70 டிகிரி தாண்டினால் அது உருகி வழிவிடும், சிலிண்டர் வெடிப்பதைவிட அது மேல் என்று. மூச்சுக் கருவி மாட்டாமல், ஒற்றை ஆளாக எவனும் அந்த அறைக்குள் போகக்கூடாது. இவ்வளவையும் செய்துதான் சுங்கை டுவா மாதிரி நிலையங்கள் நமக்குக் குழாயில் தண்ணீர் விடுகின்றன. அதே பொருளை நான் வாளியும் விளக்குமாறுமாகக் கையாண்டிருக்கிறேன்.

இந்த வாயுவால் தண்ணீரைச் சுத்தப்படுத்தலாம் என்று 1903ல் எழுதியவர்களில் ஒருவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த நெஸ்ஃபீல்டு என்கிற ராணுவ மருத்துவர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர்கள் 150 டன்னுக்கு மேல் அதே வாயுவைத் திறந்துவிட்டார்கள். வகுப்பில் இந்த இடத்தில்தான் நான் நிறுத்திக் கூட்டத்தைப் பார்ப்பது. நான் சொல்லாமல் விட்டது அதற்கு நாலு நாள் பிந்தியது. இந்தியப் படைப்பிரிவு ஒன்று அங்கே களத்தில் இறக்கப்பட்டு அதன் மீதும் வாயு வந்தது. மீர் தஸ்த் என்கிற ஜமேதார் எஞ்சிய ஆட்களைத் திரட்டி நிறுத்தினார். பின்வாங்கும்போது குண்டு மழைக்கு நடுவே அடிபட்ட அதிகாரிகள் எட்டுப் பேரைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவர உதவினார். விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். வாயு அவர் உடம்பைக் கெடுத்துவிட்டது. அவர் திரும்ப உள்ளே போனது மனிதர்களுக்காக. நான் திரும்ப உள்ளே போனது மூடிக்காக என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

சண்டை இல்லாத காலத்துச் சங்கதிகளும் எனக்குத் தெரியாமல் இல்லை. 2021ல் ஈரோடு பக்கம் சித்தோட்டில் ஒரு குளோரின் கசிவு, அந்தத் தொழிற்கூடத்தின் உரிமையாளரே இறந்தார். 2022 ஜூன் 27 அன்று ஜோர்டான் நாட்டின் அகாபா துறைமுகத்தில் கிரேன் கம்பி அறுந்து குளோரின் தொட்டி கப்பல் தளத்தில் விழுந்து வெடித்தது. மஞ்சள் மேகம் உருண்டு வருவதையும் ஆட்கள் ஓடுவதையும் காட்டிய காணொளி நம் எல்லோருடைய வாட்சப்புக்கும் வந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். 'பாதுகாப்பே முதன்மை' என்று தலைப்புப் போட்டு அதை நான் ஏழெட்டுக் குழுவுக்கு அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.

அண்ணனிடம் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்து, அவர் சொல்லாத ஒன்றைச் செய்தேன். ஒரு கிளாஸ் பால் குடித்தேன். விஷம் எதுவானாலும் பால் முறிக்கும் என்று எங்கள் ஆயா சொல்வார். வயிற்றுக்குள் போகாத ஒன்றை வயிற்றுக்குள் போகிற பால் எப்படி முறிக்கும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பிறகு, களைப்பாக இருக்கிறதென்று மல்லாந்து படுத்தேன். அதுவும் தப்பு. நுரையீரலில் நீர் கோக்கக்கூடிய ஆளைச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும், அலைய விடக்கூடாது. இந்த வாயு காற்றுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்து ஆசிட் ஆகிறது. அதன் புண் உடனே முழுதாகத் தெரியாது. பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு முட்டலாம். ஒரு நாளாவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை.

ராத்திரி இருமல் ஏறியது. மனைவி பத்துமணிக்குள் தூங்கிவிடுவாள். பார்மசி இன்னும் மூடியிருக்காது. மெதுவாக இறங்கிப் போனேன்.

"ஒரு நண்பருக்கு. குளோரின் கொஞ்சம் மூக்குல ஏறிடுச்சு. ஏதாவது சிரப் இருக்கா?"

கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த நண்பருக்கு நெஞ்சு இறுக்கமா இருக்கா அங்கிள்?"

"கொஞ்சம்."

"இழுப்பு?"

"படியேறும்போது."

"நண்பர உக்காரச் சொல்லுங்க அங்கிள்" என்று ஒரு நாற்காலியை என் பின்னால் தள்ளினாள். "சிரப் எல்லாம் இதுக்கு ஆகாது. நண்பர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மூச்சு ரொம்ப முட்டினா 999."

யோசித்துப் பாருங்கள். தேசிய நச்சு மையம் இதே தீவில்தான் இருக்கிறது, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில். நாட்டில் எந்த மூலையிலிருந்தும் போன் போட்டு 'இதைக் குடித்துவிட்டான், அதை முகர்ந்துவிட்டாள், என்ன செய்வது' என்று கேட்கலாம். சூலியா ஸ்ட்ரீட்டும் பீச் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற மூலையில் நூறாண்டு கடந்த பொம்பா நிலையம் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. இந்த இரண்டு விவரத்தையும் துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தவன் நான். எனக்கென்று வந்தபோது, இருமல் சிரப் வாங்க நண்பன் ஒருவனைக் கண்டுபிடித்துக்கொண்டு நடந்தேன்.

பார்மசியிலிருந்து வீட்டுக்குச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் லிட்டில் இந்தியாவில் அதைக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. நான் திரும்புவதற்குள் மனைவி சேலை மாற்றிக்கொண்டு படிக்குக் கீழே நின்றாள். இரவில் திறந்திருக்கிற கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தார். "எப்படி வந்தது?"

"தூசி டாக்டர். அலமாரி தட்டினேன்."

"குளோராக்ஸும் ஆசிட்டும்" என்றாள் மனைவி.

டாக்டர் குழலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தூசி என்று நம்பியிருந்தால் ஒவ்வாமை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். அப்புறம்தான் விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்தார், மூச்சுக்குழாய் விரிவதற்கு முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜனும் இந்த மாதிரி மருந்தும் கவனிப்பும்தான் வைத்தியம், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தீர்கள் என்று கேட்டார். கதவைச் சாத்தின கதையைச் சொல்ல வேண்டி வந்தது. மனைவி அதை முதல் முறையாகக் கேட்டாள். அதன் பின் டாக்டர் பேசியது எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. மூச்சு திணறினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றது மட்டும் விழுந்தது.

"இவர் இதப் பத்தி வகுப்பெல்லாம் எடுக்கிறவர் டாக்டர்" என்றாள் மனைவி, கிளம்புகிற நேரத்தில், யாரும் கேட்காமலே.

டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. துண்டறிக்கை இருக்கிறதா, கிளினிக் சுவரில் ஒட்டலாமே என்றார். பையில் எப்போதும் நாலைந்து வைத்திருப்பேன். பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். 'கலக்காதீர்' என்பதற்குப் பக்கத்தில் 'அடுத்தடுத்தும் ஊற்றாதீர்' என்று எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "பால் கொடுக்கலாம்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

அந்த வரியைக் கிழியும் அளவுக்கு அடித்துவிட்டு, சீட்டைத் தாதியிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார். எங்களிடம் பில்லை நீட்டினார்.